புறவாசல் பீங்கான்

திருநெல்வேலிப் பக்கத்தில் நாங்கள் சர்க்கரையைச் சீனி என்போம். சீனத்துச் சரக்கு என்ற பொருளில் எங்கோ பிறந்து, எங்கள் அடுப்படி வரை வந்துவிட்ட சொல். ஆனால் நிஜமாகவே சீனத்தில் பிறந்த பீங்கானுக்கு நாம் வைத்திருக்கும் பெயரில் சீனம் இல்லை. அது பாரசீகச் சொல். அங்கே 'பிங்கான்' என்றால் கிண்ணம். அரபுக்கு 'ப' ஒலி கிடையாது என்பதால் அரபு வாயில் அது ஃபின்ஜான் ஆனது. சின்னக் காப்பிக் கோப்பைக்கு இன்றும் அங்கே அதுதான் பெயர். கிழக்கே வந்தால் மலையாளத்தில் பிஞ்ஞாணம், சிங்களத்தில் பிங்கான, மலாயில் பிங்கான். நம்மிடம் பீங்கான். ஒரு கடல் வழியை வரைபடம் இல்லாமல் வரைய வேண்டுமென்றால் இந்த ஒரு சொல்லை வைத்தே வரைந்துவிடலாம்.

ஒரு பொருளை யார் கையிலிருந்து வாங்குகிறோமோ, பெரும்பாலும் அவர்கள் வாயிலிருந்தே அதன் பெயரையும் வாங்கிக்கொள்கிறோம். ஆங்கிலேயன் அதைச் 'சைனா' என்றான். அவனுக்கு அது ஒரு தூரதேசத்துப் பொருள். நமக்கு அது பக்கத்துத் துறைமுகத்தில், பாரசீகம் பேசும் வியாபாரியின் மூட்டையிலிருந்து பிரிந்த பொருள்.

சங்கரன்கோவிலில் நான் வளர்ந்த வீட்டில் பீங்கான் என்றால் மூன்று பொருட்கள். ஒன்று மெயின் போர்டில் இருந்த ஃபியூஸ் கட்டை. இரண்டாவது, பழுப்பும் வெள்ளையுமாக இருந்த ஊறுகாய் ஜாடி. மூன்றாவது ஒரு தட்டு. வெள்ளைத் தட்டில் நீலப் படம். வளைந்து தொங்கும் ஒரு மரம், ஒரு பாலம், பாலத்தின் மேல் மூன்று மனிதர்கள், வானத்தில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு பறவைகள். தாத்தாவின் தம்பி கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அவர் கொண்டுவந்தது என்பார்கள். வீட்டிலேயே அழகான பாத்திரம் அதுதான். ஆனால் அது அடுப்படியில் இருந்ததில்லை. புறவாசலில், துவைக்கிற கல்லுக்கு மேலே இருந்த மாடக்குழியில் இருந்தது.

அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு ஆசை. ஒருநாள் கையில் எடுத்தபோது ஆச்சி பதறிக்கொண்டு வந்தாள். "எய்யா, அத எடுக்காத. அது வெளி ஆளுவளுக்கு உள்ளது. கையக் கழுவிட்டு உள்ள வா."

வெளி ஆட்கள் என்றால் எங்கள் வயலில் வேலை பார்த்தவர்கள். அவர்களில் ஒருவர் என் தாத்தாவைவிட மூத்தவர். மத்தியானம் புறவாசலில் குத்தவைத்து அந்தத் தட்டில் சாப்பிடுவார். சாப்பிட்டதும் அவரே கழுவி, அவரே மாடக்குழியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். எங்களுடையது மேல்சாதி என்று யாரும் சொல்லாத, நடுவில் இருக்கிற ஒரு சாதி. அதனால்தானோ என்னவோ இந்த விஷயத்தில் ஆச்சி அவ்வளவு கறாராக இருந்தாள். அவளுக்கு அதில் பெருமைகூட இருந்தது. "மத்த வீட்டுல செரட்டையில ஊத்துதாளுவ. நாம தட்டுல போடுதோம்லா?" என்பாள். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்து அப்போது நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. டீக்கடையில் இரண்டு குவளை இருப்பதைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கிறோம். வீட்டுக்குள் இருந்த இரண்டாவது தட்டுக்குப் பெயர்கூட இல்லை.

ஏன் பீங்கான்? ஆச்சியின் கணக்கு தெளிவானது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் தீட்டுப் போய்விடும். வெள்ளி, எவர்சில்வருக்கும் அப்படியே. வாழையிலை ஒருவேளைக்கு மட்டும். மண்சட்டியில் எச்சில் பட்டால் உடைத்துப் போட வேண்டியதுதான், மண் உறிஞ்சிக்கொள்ளும். பீங்கானும் மண்தானே. ஆனால் உடைத்துப் போட மனம் வராத விலையுயர்ந்த மண். ஆகவே புறவாசல்.

இத்தனைக்கும் மண்ணுக்கு மரியாதை உள்ள ஊர் எங்களுடையது. சங்கரநாராயணர் கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் பூசிக்கொண்டு, ஒரு துளியை நாக்கிலும் வைத்துக்கொள்வோம். சங்கன், பத்மன் என்று இரண்டு நாகர்கள், சிவன் பெரியவரா விஷ்ணு பெரியவரா என்று சண்டை போட்டு, கடைசியில் இரண்டு பேரும் ஒரே உடலில் நின்ற காட்சியைப் பார்த்த இடம் என்பது தலபுராணம். ஆடித்தபசு அன்று அந்தக் காட்சிக்காக ஊரே திரளும். சாமிகள் ஒன்றான ஊரில் தட்டுகள் ஒன்றாகவில்லை.

பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு முதலில் இடித்தது ஆச்சியின் மண் பற்றிய கணக்குதான். நல்ல பீங்கான் எதையும் உறிஞ்சாது. சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் ஜிங்டெஜென் என்ற ஊர். அதன் பக்கத்து மலையான கவுலிங்கிலிருந்துதான் 'கயோலின்' என்ற வெள்ளைக் களிமண்ணுக்குப் பெயர் வந்தது. கயோலினையும் பொடித்த ஒருவகைக் கல்லையும் கலந்து 1,300 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் மண் கிட்டத்தட்ட கண்ணாடியாகிவிடும். அதன் துளைகள் அடைபட்டுப் போகும். தட்டினால் மணிபோலச் சத்தம் வரும். மஞ்சளோ எண்ணெயோ ஏறாது. உலகத்தில் மனிதன் செய்த பாத்திரங்களிலேயே அடுத்தவரின் எச்சில் துளியும் ஒட்டாத பாத்திரம் என்று ஒன்றைத் தேடினால் பீங்கானுக்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டும். அதைத்தான் நாங்கள் தீட்டுக்கென்று ஒதுக்கியிருந்தோம்.

அந்த நீலமும் அப்படித்தான். அது கோபால்ட். அரைத்துக் குழைத்துத் தூரிகையில் எடுக்கும்போது அது நீலமாகவே இருக்காது. சாம்பலும் கறுப்புமாக இருக்கும். ஓவியன் நிறத்தைப் பார்க்காமலேயே வரைய வேண்டும். வரைந்த பிறகு மேலே கண்ணாடிப் பூச்சு. பிறகு சூளை. அவ்வளவு சூட்டில் பெரும்பாலான நிறங்கள் எரிந்து போய்விடும் அல்லது கலங்கிவிடும். கோபால்ட் நின்று நீலமாகும். நிறம் கண்ணாடிக்கு அடியில் இருப்பதால் எத்தனை நூற்றாண்டு கழுவினாலும் போகாது.

ஆனால் இந்த யோசனை முதலில் சீனாவில் தோன்றவில்லை. 9ஆம் நூற்றாண்டில் சீன வெள்ளைப் பாத்திரங்கள் கப்பலேறி ஈராக்கின் பஸ்ரா வரை போயின. பஸ்ராக் குயவர்களிடம் கயோலினும் இல்லை, அந்தச் சூடு தரும் சூளையும் இல்லை. சாதாரண மண்பாத்திரத்தின் மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சைப் பூசி அதே தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். அதோடு நிற்காமல் அந்த வெள்ளையின் மேல் கோபால்ட்டால் வரைந்தார்கள். வெள்ளையில் நீலம் என்ற ஜோடி அங்கே பிடித்துப் போனது. ஏறக்குறைய 830ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே மூழ்கிய ஒரு கப்பலை 1998இல் கண்டுபிடித்தார்கள். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மேற்காசியப் பாணிக் கப்பல். உள்ளே சுமார் 60,000 சீனப் பாத்திரங்கள். அவற்றில் மூன்றே மூன்று தட்டுகளில் வெள்ளை மேல் நீலம். ஒரு சந்தையின் விருப்பத்தைக் கேள்விப்பட்டு யாரோ செய்துபார்த்த மாதிரிகள் போல இருக்கின்றன.

அந்த மாதிரி உற்பத்தியாக மாற 500 வருடம் ஆனது. 1278இல் மங்கோலிய யுவான் அரசு ஜிங்டெஜென்னில் பீங்கானுக்கென்று ஒரு அலுவலகம் அமைத்தது. சீனாவும் ஈரானும் அப்போது ஒரே மங்கோலியக் குடும்பத்தின் கிளைகளிடம் இருந்தன. ஈரானின் காஷான் பகுதிச் சுரங்கக் கோபால்ட் கிழக்கே வந்தது. பின்னால் வந்த மிங் காலத்தில் சீனர்கள் இந்த நீலத்தை 'முஸ்லிம் நீலம்' என்ற பொருள்படும் பெயராலேயே அழைத்தார்கள். 14ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சீன மண்ணும் பாரசீக நீலமும் சூளைக்குள் சந்தித்தன. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு ஜோடிப் பூச்சாடிகள் இருக்கின்றன. ஒரு கோவிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது என்று கழுத்தில் எழுதியிருக்கிறது, தேதி 1351. அதற்குள் இந்தக் கலை முழுதாகக் கனிந்துவிட்டது என்பதற்கு அவை சாட்சி.

சீன ரசிகர்களுக்கு இது பிடித்ததா? 1388இல் சாவ் ஜாவ் என்பவர் எழுதிய கலைப்பொருள் கையேடு நீலம் தீட்டிய பாத்திரங்களை மட்டரகமான ரசனை என்று ஒதுக்குகிறது. அலங்காரமில்லாத வெள்ளையும் வெளிர்பச்சையும்தான் அன்றைய படித்தவர்களின் ருசி. நீலவெள்ளை வெளிநாட்டு ஆர்டருக்குச் செய்த சரக்கு. எங்கள் தொழிலின் பாஷையில் சொன்னால் ரிக்வயர்மென்ட் மேற்கிலிருந்து வந்தது.

அந்த ரிக்வயர்மென்ட்டின் மிக முக்கியமான வரி, தட்டின் அளவு. யுவான் கால நீலவெள்ளைத் தட்டுகளில் பல 40, 45 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டவை. சீனர்கள் சின்னக் கிண்ணங்களில் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு இவ்வளவு பெரிய தட்டு எதற்கு? மேற்காசியாவில் ஒரு பெரிய தட்டில் சோற்றையும் கறியையும் வைத்து, சுற்றி உட்கார்ந்து பலர் சேர்ந்து சாப்பிடுவார்கள். அவர்களுக்காகத்தான் அந்த அகலம். இஸ்தான்புலின் தோப்காபி அரண்மனையில் அவை இருக்கின்றன. ஈரானின் அர்தபில் தர்காவுக்கு ஷா அப்பாஸ் 1611இல் காணிக்கையாகக் கொடுத்த 1,100க்கும் மேற்பட்ட சீனப் பாத்திரங்களிலும் அவை இருந்தன. டெல்லியில் துக்ளக் காலத்து ஃபிரோஸ் ஷா கோட்லாவில் அவை உடைந்த சில்லுகளாகக் கிடைத்தன. நீலவெள்ளைத் தட்டு என்ற பொருள் பிறந்ததே பந்திக்காக. ஒரே தட்டில் பல கைகள் படுவதற்காக.

இது எல்லாம் எங்கோ நடந்த கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதை எங்கள் பக்கத்துக் கரையிலேயே கிடந்திருக்கிறது. தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ 'காயில்' என்று எழுதிய துறைமுகம் இதுதான் என்று அடையாளம் காட்டியவர் இடையன்குடியில் வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் பாண்டியருக்குக் குதிரைகள் இறங்கிய கரை. 1881இல் வெளிவந்த திருநெல்வேலி வரலாற்றை எழுதியவர் அவர். காயலின் வெட்டவெளியில் எங்கு பார்த்தாலும் சீனப் பீங்கான் உடைசல்கள் கிடந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். காயலுக்கும் சீனாவுக்கும் வியாபாரம் நடந்ததை ஊர்க்காரர்கள் அடியோடு மறந்துவிட்டார்கள், சில்லுகள் மட்டுமே சாட்சி சொல்கின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். வடக்கே ராமநாதபுரம் கரையில் பெரியபட்டினத்தில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த சீனச் சில்லுகளை ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபோரு கராஷிமாவும் அவரது சகாக்களும் ஆராய்ந்தார்கள். பச்சைப் பீங்கான், வெள்ளைப் பீங்கான், அவற்றோடு 14ஆம் நூற்றாண்டின் நீலவெள்ளை.

நாம் வெறுமனே வழியில் நின்றவர்கள் அல்ல. சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு சிவன் கோவில் இருந்ததைச் சொல்கிறது. இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்த கல்வெட்டு இன்னும் சுவாரசியமானது. சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹ கொண்டுவந்து நட்ட கல்; பொறித்த ஆண்டு 1409. ஒரே கல்லில் மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. காணிக்கைப் பட்டியலோ மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒன்றே. சீனம், தமிழ், பாரசீகம் என்ற அந்த வரிசையைத்தான் நம் 'பீங்கான்' என்ற சொல்லும் சொல்கிறது.

அப்புறம் இந்தப் பொருளை எல்லோரும் நகலெடுத்தார்கள். 1644இல் மிங் அரசு வீழ்ந்து சீனச் சரக்கு தடைபட்டபோது டச்சுக் கம்பெனி ஜப்பானின் அரிதாவுக்குப் போய் வாங்கியது. ஹாலந்தின் டெல்ஃப்ட் குயவர்கள், பஸ்ராக்காரர்கள் செய்த அதே தந்திரத்தைச் செய்தார்கள்: சாதாரண மண், மேலே வெள்ளீயப் பூச்சு, அதன் மேல் நீலம். ஜெர்மனியின் மைசன்னில் 1710இல் தொழிற்சாலை தொடங்கிய பிறகுதான் ஐரோப்பாவுக்குச் சொந்தமாக உண்மையான பீங்கான் கிடைத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்காரர்கள் கையால் வரைவதையே விட்டுவிட்டார்கள். செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, காகிதத்தில் அச்செடுத்து, தட்டில் ஒற்றினார்கள். அப்படிப் பிரபலமான ஒரு படத்தில் தொங்கும் வில்லோ மரம், பாலம், மூன்று மனிதர்கள், இரண்டு பறவைகள். அதற்கு ஒரு சீனக் காதல் கதையையும் சேர்த்துவிட்டார்கள். கதையும் இங்கிலாந்தில் பிறந்ததுதான்.

எங்கள் மாடக்குழித் தட்டு இதுதான். போன வருடம் ஊருக்குப் போனபோது திருப்பிப் பார்த்தேன். பின்புறம் மங்கிய ஆங்கில எழுத்தில் 'மேட் இன் ஜப்பான்'. விளிம்பில் அச்சுக் காகிதத்தின் இரண்டு முனைகள் சரியாகச் சேராமல் ஒரு கோடு. பாரசீகர் கேட்டு, சீனர் செய்து, ஆங்கிலேயர் நகலெடுத்து, அந்த நகலை ஜப்பானியர் நகலெடுத்து, கொழும்பில் ஒரு சங்கரன்கோவில்காரர் காசு கொடுத்து வாங்கிய தட்டு. பலர் கை படச் செய்யப்பட்ட பொருள் அத்தனை கைகளைத் தாண்டி வந்து, கடைசியில் எங்கள் வீட்டில் ஒரே ஒருவரின் கை மட்டும் படும் பொருளாக ஆகிவிட்டிருந்தது.

சித்தப்பா மகள் சென்னையில் இன்டீரியர் வேலை பார்க்கிறாள். அதே நாளில் அவளும் வந்திருந்தாள். தட்டைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. "அண்ணா, இது வின்டேஜ். கழுவி ஹால்ல மாட்டுனா எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா? பெரியம்மா, நான் எடுத்துக்கவா?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. ஆச்சி இறந்த மறுவருடமே அந்தத் தட்டில் சோறு போடுவதை நிறுத்தியவள் அம்மாதான். அறிவிப்பு எதுவும் கிடையாது. ஒருநாள் அந்தப் பெரியவருக்கு நாங்கள் சாப்பிடும் எவர்சில்வர் தட்டில், அடுப்படித் திண்ணையில் வைத்தே சோறு போட்டாள். அவர்தான் தயங்கித் தட்டை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனார் என்று பிறகு சொல்லியிருக்கிறாள். உள்ளே வந்து உட்கார அவருக்கு மூன்று மாதம் பிடித்ததாம்.

"எடுத்துக்கோ தாயி," என்றாள் அம்மா கடைசியில். "ஆனா செவத்துல மாட்டாத. மாட்டிட்டா வாரவுக எல்லாம் படத்ததான் பாப்பாக. அதுல யாரு சாப்ட்டா, ஏன் அதுல மட்டும் சாப்ட்டான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக."

தங்கை தட்டை எடுத்துக்கொள்ளவில்லை. கோபமில்லை, யோசித்தாள், வைத்துவிட்டாள். எனக்கு அம்மா சொன்னது அருங்காட்சியகங்களைப் பற்றியும்தான் என்று தோன்றியது. தோப்காபியிலும் லண்டனிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுகள் படமாக நிற்கின்றன. தட்டு என்பது முதலில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வி. வேலைப்பாட்டையும் சூளைச் சூட்டையும் பற்றி எவ்வளவு படித்தாலும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டால் பாதிதான் படித்திருக்கிறோம்.

இந்த வருடம் என் டீமில் இருக்கும் நண்பனின் கல்யாணத்துக்குக் காயல்பட்டினம் போனேன். பழையகாயலைத் தாண்டி, உப்பளங்களும் பனைகளும் வரும் அதே சாலை. சாப்பாட்டுக்கு உட்காரச் சொன்னார்கள். தரையில் விரிப்பு. மூன்று பேருக்கு ஒரு தட்டு. சஹன் என்கிறார்கள், அரபுச் சொல், தட்டு என்றே பொருள். நடுவில் நெய்ச்சோறு, களறிக்கறி, கத்திரிக்காய். என்னோடு உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவர் கல்லூரிப் பையன். மற்றவர் பல் போன ஒரு பெரியவர். அவர் என் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். "சங்கரன்கோயிலா? ஆடித்தபசுக்குச் சின்ன வயசுல வந்திருக்கேன்" என்றார். அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. கறியில் எலும்பில்லாத துண்டுகளாகப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"நீங்க சாப்பிடுங்க வாப்பா," என்றேன்.

"எனக்கு எங்க பல்லு இருக்கு? நீ சாப்புடு."

தட்டு சாதாரண உலோகத் தட்டுதான். நீலமும் இல்லை, பூவும் இல்லை. சாப்பிட்டு முடிந்து கை கழுவப் போகும் முன் இடது கையால் அதன் குறுக்கே அளந்து பார்த்தேன். சரியாக இரண்டு சாண். ஜிங்டெஜென் குயவனுக்குச் சொல்லியனுப்பிய அதே அளவு.